ஆற்காட்டுப் பட்டம் போன வழி

ஒரகடம் சந்திப்பில் காலை ஷிப்டு மாறும் நேரத்தில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், தமிழ்நாட்டின் பாதி இளைஞர்களைப் பார்த்துவிடலாம். கம்பெனி பஸ்கள், கன்டெய்னர் லாரிகள், ஷேர் ஆட்டோக்கள், கழுத்தில் அடையாள அட்டை ஆட டீயை ஊதிக் குடிக்கும் பையன்கள். இங்கே நான்கு திசையிலும் சாலை பிரிகிறது. ஒன்று ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூருக்கு, ஒன்று நரசிம்மர் குடியிருக்கும் சிங்கப்பெருமாள்கோவிலுக்கு, ஒன்று மிருகக்காட்சிசாலை இருக்கும் வண்டலூருக்கு. நான்காவது வாலாஜாபாத்துக்கு.

யார் இந்த வாலாஜா? ஆள்தான், ஆனால் ஆளின் பெயரில்லை. 'உயர்ந்த அந்தஸ்து உடையவர்' என்று பொருள்படும் பாரசீகப் பட்டம் அது. சூடிக்கொண்டவர் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி. அவருடைய நாடு போய் 200 வருடத்துக்கு மேலாகிறது. பட்டம் மட்டும் வாலாஜாபாத், ராணிப்பேட்டை பக்கத்து வாலாஜாபேட்டை, சேப்பாக்கத்து வாலாஜா சாலை என்று தெருவோரப் பலகைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சென்னை ராயப்பேட்டையில் அந்தப் பரம்பரைக்கு இன்றும் ஒரு வாரிசு உண்டு. அவர் கையில் இருப்பது மொகலாயர் கொடுத்த பட்டம் இல்லை, விக்டோரியா மகாராணி கொடுத்தது.

பட்டம் என்று சொல்கிறோமே தவிர, தொடக்கத்தில் இது ஓர் உத்தியோகம். 'நாயிப்' என்றால் அரபியில் பிரதிநிதி. அதன் பன்மைதான் நவாப். மரியாதைக்காக ஒருவரையே பன்மையில் அழைத்திருக்கிறார்கள், நாம் 'அவர்கள்' போடுவது மாதிரி. அவுரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க வந்து, 1690 முதல் 1698 வரை அங்கேயே கூடாரம் அடித்துக் கிடந்தார். அன்று கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டுச் சீமையின் முதல் நவாப் என்று வரலாறு அவரைத்தான் வரிசையில் வைக்கிறது. பின்னால் வந்த தாவூத் கான் 1708-ல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தாங்காடு ஆகிய ஐந்து ஊர்களை ஆங்கிலேயக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தார். இதில் திருவொற்றியூரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

உத்தியோகத்தில் வாரிசுரிமை கிடையாது. மாமன்னர் மாற்றினால் மாறவேண்டியதுதான். ஆனால் அவுரங்கசீப்புக்குப் பிறகு டெல்லிக்கு மாற்றும் தெம்பே இல்லாமல் போயிற்று. 1710-ல் வந்த சாதத்துல்லா கான் ஆற்காட்டைத் தலைநகராக்கி, 1732-ல் கண் மூடும்போது பதவியைத் தம்பி மகன் தோஸ்த் அலியிடம் விட்டுச்சென்றார். மேலதிகாரியான ஐதராபாத் நிஜாமிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சர்க்கார் வேலை இப்படித்தான் குடும்பச் சொத்தானது.

அதற்கப்புறம் நடந்தது சொத்துத் தகராறு. தோஸ்த் அலி 1740-ல் மராட்டியரோடு போரிட்டுச் செத்தார். மகன் சப்தர் அலியை 1742-ல் வேலூரில் சொந்த மைத்துனரே தீர்த்துக்கட்டினார். நிஜாம் பொறுமையிழந்து 1743-ல் படையோடு ஆற்காடு வந்தார். வந்தவரை வணங்க வரிசை கட்டி நின்ற கோட்டைத் தலைவன், ஜாகீர்தார் ஒவ்வொருவரும் தன்னை நவாப் என்றே சொல்லிக்கொள்ள, ஒருவர் இருக்கவேண்டிய சீமையில் ஒரே நாளில் பதினெட்டு நவாப்புகளைப் பார்த்துவிட்டேன் என்று அவர் சீறினாராம். இனி எவனாவது அந்தப் பேரைச் சொன்னால் சாட்டைதான் என்றும் எச்சரித்தாராம். இது அந்தக் கால வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் சொல்லும் கதை. நம்மூரில் இப்போதும் அலட்டுகிறவனைப் பார்த்து 'பெரிய நவாப்பு' என்கிறோம்.

போலிகள் ஆட்களில் மட்டுமா இருந்தார்கள்? ஆற்காட்டு ரூபாய்க்கு நல்ல பேர். அதனால் பிரெஞ்சுக்காரர்கள் 1736-ல் அனுமதி வாங்கிப் புதுச்சேரியில் 'ஆற்காடு' என்று பொறித்த ரூபாயை அடித்தார்கள். ஆங்கிலேயர்கள் 1742-ல் அதே அனுமதியோடு சென்னையில் அடித்தார்கள். ஒரு நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் பாரசீக எழுத்து, மொகலாய மன்னர் பெயர், அச்சடித்த இடம் ஆற்காடு. ஓரத்தில் பிறை இருந்தால் புதுச்சேரிச் சரக்கு, தாமரை இருந்தால் சென்னைச் சரக்கு. சென்னை ரூபாயில் இரண்டாம் ஆலம்கீர் பெயரும் அவருடைய ஆறாம் ஆட்சி ஆண்டும் இருக்கும். அவர் 1759-ல் கொலையுண்ட பிறகும் பல ஆண்டுகள் அந்தப் பெயரும் ஆண்டும் மாறவே இல்லை. ஊரும் பொய், வருடமும் பொய், வெள்ளி மட்டும் நிஜம். சந்தையில் அதுதானே கணக்கு.

நிஜாம் ஆற்காட்டில் அமர்த்திய அன்வருதீன், வட இந்தியாவின் கோபாமாவு என்ற ஊரிலிருந்து வந்தவர். பழைய குடும்பத்தின் சிறுவனுக்குக் காப்பாளராக வந்தார். ஒரு கல்யாண வீட்டில் அந்தச் சிறுவன் குத்திக் கொல்லப்பட, 1744-ல் தானே நவாப் ஆனார். 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூர்ப் போரில் யானைமேல் இருந்தபடி விழுந்தார். ஒரே பட்டத்துக்கு இப்போது இரண்டு பேர். பழைய குடும்பத்து மருமகன் சந்தா சாகிப் பிரெஞ்சுக்காரர் பக்கம். அன்வருதீனின் இரண்டாவது மகன் முகம்மது அலி ஆங்கிலேயர் பக்கம், திருச்சிக் கோட்டைக்குள். திருச்சியை முற்றுகையிட்டவர்களின் பார்வையைத் திருப்ப, கம்பெனியின் எழுத்தர் வேலைக்கு வந்து சிப்பாயாக மாறிய 25 வயது ராபர்ட் கிளைவ் 1751-ல் ஆற்காட்டுக் கோட்டைக்குள் புகுந்து, 50 நாள் முற்றுகையைத் தாங்கினார். அடுத்த வருடம் சந்தா சாகிப் தலை போயிற்று. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே மொகலாய உடை தரித்து, அந்த நவாப் பதவிக்குத் தானே உரிமை கொண்டாடவும் செய்தார்!

இந்தப் பங்காளிச் சண்டைக்குத் தீர்ப்பு எங்கே எழுதப்பட்டது தெரியுமா? பாரிசில். கனடா யாருக்கு, புளோரிடா யாருக்கு என்று ஐரோப்பிய அரசர்கள் பேரம் பேசி முடித்த 1763 ஒப்பந்தத்தின் 11-ஆம் ஷரத்தில், கர்நாடகத்தின் சட்டப்படியான நவாப் முகம்மது அலிதான் என்று பிரிட்டனும் பிரான்சும் கையெழுத்திட்டன. சம்பந்தப்பட்டவரை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அதே 1763-ல் கம்பெனிக்கு நன்றிக்கடனாகவும் நிஜக்கடனாகவும் செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராக எழுதிக்கொடுத்தார் நவாப். ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் கம்பெனிக் கைக்குப் போனது அந்த எழுத்தில்தான். இன்று சிப்காட் பட்டாவில் வரும் நிலங்களுக்கு அன்று வைத்த பேர் 'ஜாகீர்'. கம்பெனியோ வாங்கியதை நவாப்புக்கே குத்தகைக்கு விட்டு, 1780 வரை பணம் பார்த்தது.

1765-ல் டெல்லி மன்னர் ஷா ஆலம், நிஜாமின் பிடியிலிருந்து முகம்மது அலியை விடுவித்து, வாலாஜா என்ற பட்டத்தையும் தந்தார். டெல்லி மன்னரே அப்போது ஆங்கிலேயர் நிழலில் ஒதுங்கியிருந்தவர். வாலாஜா ஆற்காட்டை விட்டுச் சென்னைக்கே குடிவந்தார். 1768-ல் சேப்பாக்கம் அரண்மனை எழுந்தது. கட்டியவர் பால் பென்பீல்டு என்பது மரபு. கம்பெனி வேலைக்கு வந்த இந்த மனிதர் வேலையைவிட வட்டிக்குக் கொடுப்பதில்தான் தேர்ந்தார். அவருக்கு நவாப்பைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைக்கவில்லை.

ஆற்காட்டுக் கடன் ஒரு தனிப் புராணம். படைச்செலவுக்குக் கம்பெனியிடம் கடன், அதன் தவணையைக் கட்டக் கம்பெனி ஊழியர்களிடம் தனிக்கடன், அதற்கு ஈடாக வராத விளைச்சலின் வரி. கடன் கொடுத்தவர்கள் ஊருக்குத் திரும்பி, அந்தப் பணத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற இடங்களை வாங்கினார்கள். எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரி 28 அன்று இதைப் பற்றியே மணிக்கணக்கில் முழங்கினார். பின்னால் ஒரு ஆணையம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, கேட்கப்பட்ட தொகை 3 கோடி பவுனுக்கு மேல். நியாயம் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இப்படிப் பணத்தோடு திரும்பியவர்களுக்கு லண்டன் மக்கள் வைத்த கேலிப்பேர் 'நேபாப்'. நம் நவாப்தான் கப்பலேறி, வசைச்சொல்லாக இறங்கினார். 1772-ல் சாமுவேல் ஃபூட் அதே பெயரில் நாடகம் போட்டுச் சிரிக்க வைத்தார்.

நவாப்பும் லண்டனில் ஆள் வைத்திருந்தார். அந்த முகவர் ஜேம்ஸ் மாக்பெர்சன். பழைய ஸ்காட்டிஷ் கவிஞன் ஓசியனின் காவியம் கிடைத்தது என்று தானே எழுதி வெளியிட்டு ஐரோப்பாவை மயக்கிய அதே மாக்பெர்சன். நவாப்பின் வழக்கைப் பேச இதைவிடக் கற்பனை வளம் உள்ளவர் கிடைப்பாரா? அரச குடும்பத்துக்கும் காணிக்கை போனது. 1777-ல் மகாராணி சார்லட்டுக்கு வைரங்கள். அதில் பேரிக்காய் வடிவ இரண்டு கற்கள் இன்றும் 'ஆற்காடு வைரங்கள்'. ராணி இறந்தபின் நகைக்கடை வழியாக அவை 1837-ல் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு குடும்பத்துக்குப் போய், மகுடத்தில் ஏறின. 1959-ல் அந்தக் குடும்பம், டியூக் இறந்ததற்கான வாரிசு வரியைக் கட்ட மகுடத்தை ஏலத்தில் விற்றது. நவாப் கடனில் வாங்கிக் கொடுத்தது, டியூக்கின் கடனுக்குப் போயிற்று.

இனி எதிர்ப்பக்கத்துப் பட்டங்களைப் பார்ப்போம். பிளாசி வெற்றிக்குப் பிறகு கிளைவுக்கு 1762-ல் 'பிளாசியின் பேரன் கிளைவ்' என்ற பட்டம் வந்தது. பேரன் என்றால் நம் பேரப்பிள்ளை இல்லை, பிரபுக்களில் கடைசிப் படி. அதுவும் அயர்லாந்துக் கணக்கில் கொடுத்தார்கள், இங்கிலாந்துக் கணக்கில் இல்லை. மனிதருக்கு அது பெரிய குறை. பட்டத்துக்கு ஏற்ப அயர்லாந்தில் ஒரு நிலம் வேண்டுமே என்று லிமரிக் பக்கம் ஒரு பண்ணைக்குப் பிளாசி என்று பேர் வைத்தார். வங்காளத்துப் போர்க்களத்தின் பெயர் இன்றும் லிமரிக் பல்கலைக்கழக வளாகத்துக்கு இருக்கிறது.

பட்டம் மகன் எட்வர்டுக்கு வந்தது. அவர் 1798-ல் சென்னை ஆளுநராக வந்து இறங்கினார். அடுத்த வருடம் தளபதி ஜார்ஜ் ஹாரிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தார், திப்பு மாண்டார். அங்கே அள்ளிய காகிதக் குவியலில், வாலாஜாவும் அவர் மகன் உம்தத்துல் உமராவும் திப்புவோடு ரகசியமாக எழுதிக்கொண்ட கடிதங்கள் கிடைத்தன என்றார்கள். துரோகம் என்று நிரூபிக்க அவை போதுமா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். கம்பெனிக்குப் போதுமாக இருந்தது. ஏற்கெனவே 1792 ஒப்பந்தப்படி பாளையக்காரர்களிடம் திறை வசூலிக்கும் உரிமை நவாப் பெயரில் கம்பெனிக்குப் போயிருந்தது. கட்டபொம்மனிடம் கலெக்டர் ஜாக்சன் கேட்ட கிஸ்தியின் மூலம் அதுதான்.

1801 ஜூலை 15 அன்று உம்தத்துல் உமரா இறந்தார். நாட்டைக் கொடுத்துவிட்டுப் பட்டத்தை வைத்துக்கொள் என்ற பேரத்துக்கு மகன் அலி உசேன் மறுத்தார். ஒன்றுவிட்ட சகோதரர் அசீம் உத் தவுலா ஒப்புக்கொண்டார். ஜூலை 31-ல் கையெழுத்து. கர்நாடகம் முழுவதும் கம்பெனிக்கு, நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு நவாப்புக்கு. ஆற்காட்டில் அப்பன் கிளைவ் காப்பாற்றிக் கொடுத்த பட்டத்திலிருந்து, சரியாக 50 வருடம் கழித்து மகன் கிளைவ் நாட்டை உருவி எடுத்துக்கொண்டார். மகனுக்கு 1804-ல் பதவி உயர்வும் வந்தது. மனைவியின் அண்ணன் போவிஸ் ஏர்ல் வாரிசின்றி இறந்துபோக, அந்தப் பட்டத்தைப் புதிதாக எட்வர்டுக்கே உண்டாக்கிக் கொடுத்தார்கள். மாமன் உயில்படி எட்வர்டின் மூத்த மகன் கிளைவ் என்ற குடும்பப் பேரையே துறந்து ஹெர்பர்ட் ஆனார். பட்டத்துக்காக அங்கேயும் பேரை மாற்றிக்கொள்வார்கள்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்த ஹாரிசுக்கு 1815-ல் 'ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் மற்றும் பெல்மாண்டின் பேரன் ஹாரிஸ்' என்று பட்டம். பெல்மாண்ட் என்பது யுத்தக் கொள்ளையின் பங்கில் அவர் கென்ட் மாவட்டத்தில் வாங்கிய மாளிகை. அவருடைய மூன்றாம் தலைமுறை, 1854-ல் சென்னை ஆளுநராக வந்தார். மூன்றாவது பேரன் ஹாரிஸ், முதலாமவருக்கு நிஜமாகவே பேரன். தமிழில் மட்டும் கிடைக்கிற சிலேடை இது.

1855 அக்டோபர் 7 அன்று கடைசி நவாப், கவிஞராகவும் இருந்த குலாம் முகம்மது கவுஸ் கான், பிள்ளையில்லாமல் இறந்தார். சித்தப்பா அசீம் ஜா உயிரோடு இருந்தார். கவுஸ் கான் கைக்குழந்தையாகப் பட்டத்துக்கு வந்தபோது காப்பாளராகக் காரியம் பார்த்தவரும் அவர்தான். அடுத்து நான் என்றார். ஹாரிஸ் தாம் எழுதிய குறிப்பில், அதிகாரம் இல்லாத அரச வேஷம் ஊருக்குக் கெடுதல் என்றார். கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி அதை ஏற்றார். 1801 ஒப்பந்தம் அசீம் உத் தவுலாவோடு மட்டும் செய்தது, அதில் வாரிசுகள் பற்றி எதுவுமில்லை, ஆகவே பட்டம் காலாவதி என்றார்கள். ஒரு சொல் விடுபட்டதில் ஒரு பரம்பரை விடுபட்டது. சேப்பாக்கம் அரண்மனை ஏலத்துக்கு வந்தது, வாங்கியதும் சர்க்கார்தான். அந்த வளாகத்து மைதானத்தில் 1860-களில் வெள்ளைக்காரர்கள் கிரிக்கெட் ஆட வந்தார்கள். நாம் சேப்பாக்கம் ஸ்டேடியம் என்று சொல்வது நவாப் வீட்டுத் தோட்டத்தைத்தான். ஹாரிஸ் ஆளுநராக இருந்த நாளில் சென்னையில் அப்பாவோடு இருந்த சிறுவன், நான்காவது ஹாரிஸ் பிரபு, வளர்ந்து இங்கிலாந்துக் கிரிக்கெட் அணிக்குத் தலைவரானார்.

டல்ஹவுசியின் கதையைச் சொல்லாமல் இந்த இடத்தைத் தாண்ட மனம் வரவில்லை. தகப்பன் வழியில் அவர் ஏர்ல். பஞ்சாபைச் சேர்த்ததற்கு 1849-ல் ஒரு படி மேலே மார்க்விஸ் பட்டமும் கிடைத்தது. ஆண்பிள்ளை இல்லை என்று ஜான்சி, சதாரா, நாகபுரி என்று ஒவ்வொன்றாகக் காலாவதி முத்திரை குத்தியவருக்குப் பிறந்தது இரண்டும் பெண். 1860 டிசம்பரில் அவர் இறந்தபோது மார்க்விஸ் பட்டம் அவரோடு காலாவதியானது. ஏர்ல் பட்டம் மட்டும் தப்பித்து, ஒரு பங்காளிக்குப் போயிற்று. ஏனென்றால் அந்தப் பட்டயத்தில் வாரிசு வழி எழுதியிருந்தது. அசீம் ஜா இதைக் கேள்விப்பட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

அவர் சும்மா இருக்கவில்லை. லண்டன் நாடாளுமன்றம் வரை மனு போட்டு மனு போட்டு, 1867-ல் பட்டம் வாங்கினார். பழைய நவாப் பட்டம் இல்லை, 'அமீரே ஆற்காடு', ஆங்கிலத்தில் ஆற்காட்டு இளவரசர். 1870-ல் விக்டோரியாவின் பட்டயம் வந்தது. இந்தமுறை காகிதத்தைச் சரியாக எழுதவைத்தார்கள். வருடத்துக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் ஓய்வூதியம், வரியில்லாமல், பரம்பரையாக, என்றென்றைக்கும். அசீம் ஜாவுக்குப் பின் 1874-ல் மகன், 1879-ல் அந்த மகனின் சகோதரர் என்று பட்டம் நகர்ந்தது. இருக்க இடமாக ராயப்பேட்டையில் ஒரு கம்பெனிக் கட்டடம் கிடைத்தது. நடுவில் போலீஸ் கோர்ட்டாக இருந்த அதைத்தான் பொறியாளர் சிசோம் மாற்றியமைத்து அமீர் மகால் ஆக்கினார். 1876-ல் குடும்பம் குடியேறியது.

அரச கையெழுத்து இருந்தாலும் இந்தியருக்கு வாரிசுப் பட்டம் லேசில் நிலைக்காது என்பதற்கு வங்காளத்து சின்ஹா பிரபு சாட்சி. பிரபுக்கள் சபையில் பரம்பரை இடம் பெற்ற ஒரே இந்தியர், 1919-ல். அவர் 1928-ல் இறந்தபின் மகனுக்கு அந்த இடம் கிடைக்க 1939 ஆயிற்று. பலதார மணத்தை ஏற்கும் சட்டத்தின்கீழ் நடந்த கல்யாணத்தில் பிறந்தவர் சட்டப்படி வாரிசா என்பது கேள்வி. பெற்றோர் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்து ஒருதார முறையை ஏற்றவர்கள் என்று காட்டியபிறகே கதவு திறந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு ஆற்காட்டுப் பட்டம் பிழைத்ததும் ஒரு விபத்துதான். 1971-ல் அரசியல் சட்டத்தின் 26-ஆம் திருத்தம் மைசூர், பரோடா, புதுக்கோட்டை என்று எல்லா மன்னர்களின் மானியத்தையும் பட்டத்தையும் துடைத்தது. அது சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்த மன்னர்களுக்கான சட்டம். ஆற்காட்டாரிடம் இணைப்பதற்குச் சமஸ்தானமே இல்லை. 1801-லேயே போய்விட்டது. ஆண்ட மன்னர்கள் எல்லாரும் பட்டம் இழக்க, ஆளாத இளவரசர் தப்பித்துக்கொண்டார். இப்போதைய இளவரசர் நவாப் முகம்மது அப்துல் அலி. தமிழக அரசின் மரியாதை வரிசையில் அவருக்கு அமைச்சருக்கு இணையான இடம். லண்டனில் 1999-லேயே பெரும்பாலான பரம்பரைப் பிரபுக்களைச் சபையிலிருந்து இறக்கிவிட்டார்கள். கொடுத்த வீட்டில் குறைந்தது, வாங்கிய வீட்டில் இன்னும் இருக்கிறது.

ஒரகடத்துக்கே திரும்புவோம். திருவொற்றியூரை நினைவிருக்கிறதா? 1955-ல் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தது. நவாப் கொடுத்த அந்தத் திருவொற்றியூரில் ராணுவத்துக்காக புல்லட் மோட்டார் சைக்கிள் பூட்டத் தொடங்கினார்கள். ராயல் என்பது அரசர் கொடுத்த பட்டம் இல்லை. என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கி ஆலைக்கு உதிரிபாகம் செய்துகொடுத்த ஒப்பந்தத்தைக் காட்டி 1890-களில் தாங்களே சூட்டிக்கொண்டது. 1970 வாக்கில் இங்கிலாந்துத் தாய்வீடு இழுத்து மூடப்பட்டது. பேருக்கு வாரிசாக நின்றது திருவொற்றியூர்க் கிளை. 2013-ல் ஒரகடத்தில் புது ஆலை திறந்தது. லாரியில் வரிசையாகக் கட்டி நிறுத்திய புல்லட்டுகள் கேட்டைத் தாண்டி வருகின்றன, பெட்ரோல் டாங்கில் 'ராயல்' என்று பளபளக்க. டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்து, வாலாஜாபாத் சாலையில் ஏறுகிறார்.